வரைபடத்திலிருந்து வாசல்வரை

கட்டடக்கலை பயிலும் மாணவர் ஒருவர் தம் படிப்புக் காலத்தில் எத்தனையோ கட்டடங்களை வடிவமைக்கிறார். வீடு, பள்ளி, நூலகம், மருத்துவமனை என எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. ஆயினும், அவற்றுள் ஒன்றில்கூட யாரும் குடியேறுவதில்லை. வரைபடம் சுவரில் மாட்டப்படும். அட்டையால் செய்த மாதிரி மேசைமேல் வைக்கப்படும். ஆசிரியர்கள் நிறைகுறைகளைச் சொல்லி மதிப்பெண் கொடுப்பார்கள். அத்தோடு அந்தக் கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிடும். அதன் கூரை மழையில் ஒழுகுமா, அதன் படிகளில் முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவரால் ஏற முடியுமா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே மாணவர் பட்டம் பெற்றுவிடுவார்.

இந்தக் குறையைப் போக்க முயன்ற கல்வி நிலையங்களுள் ஒன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகம். அதன் மாணவர்கள் 1993ஆம் ஆண்டு முதல், பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஹேல் மாவட்டத்துக்குச் சென்று தங்கி, அங்குள்ள மக்களுக்காக வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் வடிவமைத்துத் தங்கள் கைகளாலேயே கட்டி வருகிறார்கள். இத்திட்டத்தின் பெயர் ‘ரூரல் ஸ்டூடியோ’. ‘கிராமப்புறப் பட்டறை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். ஹேல் மாவட்டம் அப்படிப்பட்ட இடமன்று. ஒரு காலத்தில் அங்கே பரந்த பருத்தித் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் சந்ததியினர் அவற்றில் அடிமைகளாக உழைத்தார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் வறுமை ஒழியவில்லை. நிலம் ஒருவருடையது, உழைப்பு வேறொருவருடையது என்னும் நிலை பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. 1930களில் அங்கு வாழ்ந்த ஏழை வெள்ளையின விவசாயக் குடும்பங்களைப் பற்றி எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்சும் உருவாக்கிய நூல் 1941இல் வெளிவந்து, பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. நூல் புகழ் பெற்ற பிறகும் அந்த வட்டாரத்தின் குடிசைகள் குடிசைகளாகவே இருந்தன. 1990களிலும் குழாய்நீரோ கழிப்பறையோ இல்லாத வீடுகள் அங்கே இருந்தன.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் சாமுவேல் மாக்பீ. 1944இல் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் பிறந்த அவர், பெயர் பெற்ற கட்டடக் கலைஞர், ஓவியரும்கூட. 1980களில் கன்னியாஸ்திரீ ஒருவருக்கு உதவியாக, ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நன்கொடையாகக் கிடைத்த பொருள்களையும் தொண்டூழியர்களின் உழைப்பையும் கொண்டு ஏறத்தாழ 7,000 டாலர் செலவில் அவ்வீடு எழுந்தது. திறமையும் மனமும் இருந்தால் குறைந்த செலவில் நல்ல வீட்டைக் கட்ட முடியும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். பிறகு ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றபோது, சக பேராசிரியர் டி.கே. ரூத்துடன் சேர்ந்து ரூரல் ஸ்டூடியோவைத் தொடங்கினார். ஏழைகளுக்கு மழையும் குளிரும் படாத நான்கு சுவர்கள் போதும் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பணக்காரரின் வீட்டில் எவ்வளவு சிந்தனையும் அழகும் இருக்குமோ, அவ்வளவும் ஏழையின் வீட்டிலும் இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

கொள்கையைச் சொல்வது எளிது. மேசன்ஸ் பெண்ட் என்பது ஆற்று வளைவை ஒட்டிய சிற்றூர். சில கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வந்தன. அவர்களுடைய வாசலில் போய் நின்ற மாணவர்களோ பெரும்பாலும் வசதியான வெள்ளையினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை, இவ்விரு இனத்தவரும் ஒரே பள்ளியில் படிக்கவும் ஒரே உணவகத்தில் உண்ணவும் சட்டமே தடையாக இருந்த மாநிலம் அலபாமா. முன்பின் தெரியாத இளையர்கள் திடீரென வந்து, “உங்களுக்கு இலவசமாக வீடு கட்டித் தருகிறோம்,” என்றால் யார்தான் உடனே நம்புவார்கள்? ஆகவே, அளவுநாடாவை எடுப்பதற்கு முன்னால் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருந்தது. அவர்கள் அந்த மக்களோடு உட்கார்ந்து பேசிப் பழகினார்கள். அவர்கள் காலையில் எங்கே அமர்கிறார்கள், பேரப்பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், விருந்தினர் வந்தால் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதையெல்லாம் கவனித்தார்கள்.

1994இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட முதல் வீட்டில் அந்தக் கவனிப்பின் பயனைக் காணலாம். அது வயதான தம்பதியர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர்களுக்கு இருந்தது. எனவே, வீட்டின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படுத்துறங்கவும் படிக்கவும் ஏற்றவாறு வளைந்த கூரையுடைய மூன்று சிற்றறைகள் அமைக்கப்பட்டன. அக்கம்பக்கத்தாரோடு அமர்ந்து பேச வீட்டின் முன்னால் நீண்ட தாழ்வாரம் போடப்பட்டது. சுவர்களோ வைக்கோலால் ஆனவை! இறுகக் கட்டிய வைக்கோல் கட்டுகளைச் செங்கற்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருபுறமும் சாந்து பூசினார்கள். வைக்கோல் மலிவானது. அதைவிட முக்கியமாக, அதன் தடிமன் கோடையில் வெப்பத்தையும் குளிர்காலத்தில் குளிரையும் உள்ளே விடாது. வெப்பமூட்டும் கருவிக்குச் செலவழிக்க இயலாத குடும்பத்துக்கு இது மிகவும் பொருத்தமான தேர்வு.

அதன் பிறகு மாணவர்களின் கற்பனை சிறகடித்துப் பறந்தது. கைவிடப்பட்ட பொருள்கள் எல்லாம் கட்டுமானப் பொருள்களாயின. 1995இல் ஏறத்தாழ 1,000 பழைய டயர்களில் மண்ணை இறுக நிரப்பி அடுக்கி, ஒரு சிறிய வழிபாட்டுக் கூடத்தைக் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் மேசன்ஸ் பெண்டில் எழுந்த சமூகக் கூடத்துக்கு மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பியவர்கள், அதன் ஒரு பக்கக் கூரைக்குப் பழைய ஷெவ்ரலே கார்களின் 80 முன்கண்ணாடிகளைப் பயன்படுத்தினார்கள். மீன் செதில்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அக்கண்ணாடிகளை ஒரு மாணவர் சிகாகோ நகரத்துப் பழைய வாகனக் கிடங்கு ஒன்றிலிருந்து 120 டாலருக்கு வாங்கி வந்தார். 2002இல் கட்டப்பட்ட மற்றொரு வீட்டின் சுவர்கள், அலுவலகங்களில் பயன்படுத்தப்பட்டுக் கழிக்கப்பட்ட 72,000 தரைவிரிப்புச் சதுரங்களால் ஆனவை. அவ்வட்டாரத்தில் சுழற்காற்று அடிக்கடி வீசும் என்பதால், அதே வீட்டில் குடும்பத்தார் ஒளிந்துகொள்ள நிலத்தடிப் பாதுகாப்பறையும் அமைக்கப்பட்டது.

உலகெங்கும் உள்ள கட்டடக்கலை இதழ்களில் இவ்வீடுகளின் படங்கள் வெளிவந்தன. மாக்பீக்கு 2000ஆம் ஆண்டில் மெக்கார்தர் அறநிறுவனத்தின் பெருமைமிக்க நிதி கிடைத்தது. ஆனால், 2001 டிசம்பரில் அவர் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம், அவர் மறைந்த பிறகு 2004இல் அவருக்கு வழங்கப்பட்டது.

நிறுவியவரோடு திட்டமும் முடிந்துவிடும் என்று பலர் நினைத்திருக்கலாம். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரீயர், இங்கிலாந்திலிருந்து வந்தவர். அவர் காலத்தில் ரூரல் ஸ்டூடியோவின் பார்வை மெல்ல மாறியது. அதற்குக் காரணம், மாக்பீயின் காலத்து வீடுகளே எழுப்பிய கடினமான ஒரு கேள்வி. தரைவிரிப்புச் சுவரைக் கட்டிய மாணவர் பட்டம் பெற்று வேறு ஊருக்குப் போய்விடுவார். பத்தாண்டு கழித்து அச்சுவரில் பழுது ஏற்பட்டால், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனாரோ தச்சரோ அந்த ஊரில் இருப்பாரா? அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, “எனக்கும் இதேபோல் ஒன்று வேண்டும்,” என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? 80 கார்க் கண்ணாடிகள் ஒருமுறை கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கிடைக்குமா? மேலும், பிறர் வீட்டில் சோதனை செய்து பார்க்கும் உரிமை மாணவர்களுக்கு உண்டா? அந்தச் சோதனை தோற்றால் மாணவருக்கு மதிப்பெண்தான் குறையும். குடியிருப்பவருக்கோ இரவு உறக்கம் போய்விடும். இலவசமாகக் கிடைத்த வீடு என்பதால் அவர் தம் குறையை வாய்விட்டுச் சொல்லவும் தயங்குவார்.

இக்கேள்விகளுக்குப் பதிலாக 2005இல் தொடங்கப்பட்டதுதான் ‘20,000 டாலர் வீடு’ என்னும் திட்டம். அதன் தொடக்கம் ஒரு கணக்கு. ஹேல் மாவட்டத்தில் பலர் அரசாங்கத்தின் மாதாந்தர உதவித்தொகையை மட்டுமே நம்பி வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் உணவு, மருந்து, மின்சாரம் ஆகிய செலவுகள் போக, வீட்டுக் கடனுக்காக மாதந்தோறும் எவ்வளவு செலுத்த முடியும்? ஏறத்தாழ 100 டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்தத் தொகையைக் கொண்டு அடைக்கக்கூடிய கடன் எவ்வளவோ, அதுதான் வீட்டின் விலையாக இருக்கவேண்டும். அப்படிக் கிடைத்த எண்தான் 20,000. அதில் பொருள்களுக்கு ஏறத்தாழ 12,000 டாலர். எஞ்சியது கூலிக்கும் ஒப்பந்தக்காரரின் இலாபத்துக்கும். உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூன்றே வாரங்களில் கட்டி முடிக்கக்கூடியதாகவும் அது இருக்கவேண்டும்.

மாணவர்கள் கட்டும்போது அவர்களுடைய உழைப்புக்குக் கூலி கிடையாது. வீடும் குடியிருப்பவருக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. இருந்தும் கூலியையும் இலாபத்தையும் ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? அங்கேதான் இத்திட்டத்தின் நுட்பம் இருக்கிறது. மாணவர்கள் ஆண்டுக்குச் சில வீடுகளைத்தான் கட்ட முடியும். ஆனால், தேவையுள்ள குடும்பங்களோ மிகப் பல. நாளைக்கு மாணவர்கள் இல்லாமலேயே ஊர்க்காரர்கள் தாங்களாகக் கட்டிக்கொள்ள வேண்டுமானால், அதைக் கட்டுபவருக்கு வருமானம் கிடைக்க வேண்டுமல்லவா?

அப்பகுதி ஏழைகள் வேறு வழியின்றி வாங்கி வந்தவை ‘டிரெய்லர்’ வீடுகள். தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்துவந்து நிறுத்தப்படும் தகரப் பெட்டி போன்ற வீடுகள் அவை. புதிய காரைப் போலவே அவையும் வாங்கிய நாள்முதல் மதிப்பை இழக்கத் தொடங்கிவிடும். கடன் அடைந்து முடியும் வேளையில் கையில் எஞ்சுவது ஓட்டை உடைசல்தான். அதற்குப் போட்டியாக, நெடுங்காலம் நிலைத்து நிற்கும் வீட்டை அதே மலிவில் உருவாக்குவது மாணவர்களின் வேலை.

வீட்டின் பரப்பளவு ஏறத்தாழ 500 சதுர அடி. சிங்கப்பூரின் ஈரறை வீவக வீடும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். இவ்வளவு சிறிய இடத்தில் தாராளமாக வாழ முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு அங்குலத்தையும் பற்றி மாணவர்கள் மாதக்கணக்கில் வாதாடியதே. கூரை உயரமாக இருந்தால் சூடான காற்று மேலே போய்விடும். எதிரெதிரே சன்னல்கள் இருந்தால் காற்று ஊடுருவிச் செல்லும். தரையை நிலத்திலிருந்து உயர்த்திக் கால்கள்மீது நிறுத்தினால் ஈரமும் கறையானும் அண்டா. இவற்றைப் படிக்கும்போது நம் வட்டாரத்துப் பழைய கம்பத்து வீடுகள் நினைவுக்கு வரலாம். வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் வாழ்பவர்கள், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்! முன்தாழ்வாரத்தை மட்டும் செலவைக் குறைப்பதற்காக யாரும் வெட்டவில்லை. அங்கே உட்கார்ந்துதான் முதியவர்கள் தெருவைப் பார்க்கிறார்கள். தெருவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறது.

செலவைக் குறைத்த விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு அடித்தளம். வீட்டின் விளிம்புவரை தூண்களை நிறுத்தாமல், சற்று உள்ளே தள்ளிச் சில தூண்களை மட்டும் நிறுத்தி, தரையைத் தாங்கும் உத்திரங்களின் முனைகளைத் தூண்களுக்கு அப்பால் நீட்டிவிட்டார்கள். இதனால் மரமும் மிச்சமாயிற்று. வீடும் உறுதியாக நின்றது. இதழ்களின் அட்டையில் இடம்பெறும் அளவுக்கு இதில் கவர்ச்சி ஏதுமில்லை. தரைவிரிப்புச் சுவரைப் பார்த்து வியப்பவர்கள் இந்த உத்திரத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். ஆயினும், இரண்டில் கடினமானது இதுதான்.

வீடு தயாரான பிறகுதான் யாரும் எதிர்பாராத தடைகள் முளைத்தன. 20,000 டாலருக்கு வீட்டுக் கடன் கொடுக்க வங்கிகள் ஆர்வம் காட்டவில்லை. 2 லட்சம் டாலர் கடனுக்கு எவ்வளவு ஆவண வேலை இருக்குமோ, அவ்வளவு வேலை இச்சிறு கடனுக்கும் உண்டு. வங்கிக்குக் கிடைக்கும் வட்டியோ மிகக் குறைவு. வேறு ஊர்களில் இவ்வீடுகளைக் கட்ட முயன்றபோது கட்டட விதிமுறைகள் குறுக்கே வந்தன. விதிகளுக்கேற்ப மாற்றங்கள் செய்தபோது செலவும் கூடியது. மலிவான வீட்டை வரைந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்த மாணவர்கள் கடன், காப்புறுதி, நிலப்பத்திரம், கட்டட விதிகள் ஆகியவற்றையும் படிக்க வேண்டியதாயிற்று. கட்டடக்கலை வகுப்பில் வட்டி விகிதம் பற்றிப் பேசுவார்கள் என்று அவர்களுள் பலர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வீடுகளோடு பொதுக் கட்டடங்களும் எழுந்தன. ரூரல் ஸ்டூடியோவின் இருப்பிடமான நியூபர்ன், 200 பேர்கூட வாழாத சிற்றூர். மாணவர்கள் அங்கே தொண்டூழியத் தீயணைப்பாளர்களுக்காக ஒரு தீயணைப்பு நிலையத்தைக் கட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூர் கண்ட முதல் புதிய பொதுக் கட்டடம் அது. 2011இல் அதன் பக்கத்திலேயே ஊர் மன்றத்தைக் கட்டினார்கள். 2013இல் மூடிக் கிடந்த பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை நூலகமாக மாற்றினார்கள். அருகிலுள்ள கிரீன்ஸ்பரோ நகரின் பூங்காவை ஒரே ஆண்டில் முடிக்க நினைக்காமல், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவர் குழு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. ஒரு குழு பந்து விளையாடும் திடல்களை அமைத்தது. வேறொரு குழு கழிப்பறைகளைக் கட்டியது. இன்னொரு குழு ஏறத்தாழ 2,000 இரும்புப் பீப்பாய்களைக் கொண்டு, சிறுவர்கள் ஓடி ஒளிந்து விளையாட நிழல்மிக்க விளையாட்டிடத்தை உருவாக்கியது. புதிதாக வரும் குழு, சென்ற ஆண்டுக் குழு செய்ததை ஊர்மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டே தன் வேலையைத் தொடங்கும். வகுப்பறையில் இப்படியொரு வாய்ப்பு கிடைப்பதில்லை.

நியூபர்னில் மாணவர்களின் வாழ்க்கையும் வளாக வாழ்க்கையிலிருந்து வேறுபட்டது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பருவம் அங்கே தங்குவார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் இறுதித் திட்டத்துக்காக வருவார்கள். பட்டம் பெற்ற பிறகும் வேலை முடியாவிட்டால், முடியும்வரை அங்கேயே தங்கிவிடுபவர்கள் பலர். உணவுக்கான காய்கறிகளில் ஒரு பகுதியை அவர்களே பயிரிடுகிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் ‘கழுத்துக்குக் கீழே’ என்று வேடிக்கையாகப் பெயரிடப்பட்ட ஒரு வாரம் உண்டு. அந்த வாரம் தலைக்கு வேலை குறைவு. கைகளுக்கும் கால்களுக்கும்தான் வேலை. புதிய மாணவர்கள் மண்வெட்டியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, முன்பு வந்தவர்கள் கட்டிய கட்டடங்களைப் பழுதுபார்க்கச் செல்வார்கள். எங்கே நீர் தேங்குகிறது, எந்தப் பலகை உளுத்துவிட்டது, எந்த இணைப்பு இன்னும் உறுதியாக இருக்கிறது என்பதை அவர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். தங்கள் முதல் கோட்டை வரைவதற்கு முன்பே, பிறருடைய கோடுகள் பத்து, இருபது ஆண்டுகளில் என்னவாயின என்பதை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

மாணவர்கள் செய்யும் இப்பணியைத் தானம் என்று சொல்வதா, கல்வி என்று சொல்வதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஏழைகளின் வறுமை, வசதியுள்ள மாணவர்களுக்குப் பாடப் பொருளாகிவிடுகிறது என்று குறைகூறுபவர்கள் இருக்கிறார்கள். அக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், ரூரல் ஸ்டூடியோ ஒரு வீட்டைக் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. அதே மாவட்டத்தில், அதே மக்களுக்கு நடுவே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. கட்டியது பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது என்பது ஊர்மக்களுக்குத் தெரியும்.

இப்போது ‘முன்தாழ்வாரத் திட்டம்’ என்னும் பெயரில், அங்கே உருவான சிறு வீடுகளின் வரைபடங்கள் பிற இடங்களில் உள்ள வீட்டுவசதி அமைப்புகளுடன் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. இன்றைய விலைவாசியில் அவ்வீட்டை 20,000 டாலருக்குக் கட்ட இயலாது. அதனால், கட்டும் செலவை மட்டும் பார்த்த பழைய கணக்கு விரிவடைந்திருக்கிறது. சுவரில் வெப்பத்தடுப்புப் பொருளைச் சற்று அதிகம் வைத்தால் மின்கட்டணம் எவ்வளவு குறையும், கூரையைப் புயல் தாங்குமாறு இன்னும் இறுக்கிப் பொருத்தினால் காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு குறையும் என்று இப்போது கணக்கிடுகிறார்கள். வீட்டைக் கட்டி முடித்த நாளில் அல்ல, அதில் குடியிருப்பவர் ஒவ்வொரு மாதமும் கட்டணங்களைச் செலுத்தும் நாளில்தான் அந்தக் கணக்கு சரியா என்பது தெரியவரும்.